கேட்காமல் நீண்ட கை

ஜூன் 4

உனக்கு எழுதுகிறேன்.

"போன்ல கூப்பிடாதீங்க, உங்க குரலைக் கேட்டா நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது" என்று நீ சொன்னதால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் விடுமுறைக் கடிதம் எழுதிய பிறகு நான் பேனா பிடித்து ஒரு பக்கத்தைத் தாண்டுவது இதுவே முதல் தடவை. நீ நாளெல்லாம் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் சொல்கிறவள். உனக்கு வார்த்தை தடுக்காது. கிரேன் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கை இருந்தால் போதும், வாய் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அறை கிடைத்துவிட்டது. மாடியில் ஒற்றை அறை. கீழே மெத்தை தைக்கும் கடை. பகல் முழுக்கப் பஞ்சு பறந்து வந்து தண்ணீர்க் குவளையில் விழுகிறது. ஜன்னலைத் திறந்தால் ஒரு முழ தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். இருபது மாடி உயரத்தில் உட்கார்ந்து ஊரையே பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது அந்தச் சுவரில் இருக்கும் மூன்று ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய போன் இப்போது என்னிடம் இல்லை. பட்டன் போன்தான். கம்பெனியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் இங்கே பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகிறேன். டாக்டரம்மாவுக்கு நம் வயதுதான் இருக்கும். முதல் நாள், "என்ன பிரச்சினை?" என்றார். "தூக்கம் வரலைங்க" என்றேன். "தூக்கத்துக்காகவா ஊரை விட்டு வந்து ரூம் எடுத்திருக்கீங்க?" என்றார். பிறகு சொன்னேன். ஆபாசப் படம் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை, வேலையிலும் வீட்டிலும் முடியவில்லை என்று. சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "எத்தனை வருஷமா?" என்று எழுதிக்கொண்டார்.

வேலை இடத்தில் உன் தம்பிக்கு அடிபட்ட அன்று, நம் ஊர் ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு என்னிடம் விளக்கம் இல்லை. அவனை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோக என் கையெழுத்தும் வேண்டும் என்று நீ என்னைத் தேடி வராந்தா முழுக்க அலைந்திருக்கிறாய். நான் கழிப்பறைக் கதவைத் திறந்தபோது நீ வெளியே நின்றாய். என் கையில் போன் இன்னும் அணையவில்லை. பேனாவை நீட்டினாய்.

மச்சானுக்குக் கால் எப்படி இருக்கிறது? விசாரணை முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல். யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.


ஜூன் 15

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

யாருக்கும் நடக்கக்கூடியதா? தம்பிக்கு இடது காலில் மூன்று விரல் இல்லை. இருபத்தாறு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகிறான். கம்பெனி அனுப்பிய தாளில் 'தவறான சிக்னல்' என்று இரண்டே வார்த்தை. கீழே நின்று உங்களுக்குக் கைகாட்ட வேண்டிய சிக்னல்மேன், நிறுத்தச் சொல்வதற்குப் பதிலாக இறக்கச் சொன்னானாம். கம்பிக் கட்டு அவன் காலிலேயே இறங்கியதாம். இனி அவனுக்கு அந்த வேலை இல்லை. புண் ஆறியதும் வாசல் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதலாம் என்று கருணை காட்டியிருக்கிறார்கள்.

அவன் என்ன செய்கிறான் தெரியுமா? பீரோக் கண்ணாடி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கையைக் காட்டிக் காட்டிப் பார்க்கிறான். இரண்டு கையையும் விரித்தால் நில். விரலைக் கீழே சுழற்றினால் இறக்கு. "அக்கா, நான் விரிச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா மாமா இறக்குன்னுதான் காட்டினேன்னு சொல்லியிருக்காரு. அவரு மேல இருந்து தெளிவா பார்த்திருப்பாரு இல்ல?" என்று கேட்கிறான். தன் கையையே சந்தேகப்படுகிறான். அவனைப் பார்த்துக்கொண்டே சமையல் செய்ய முடியவில்லை.

என்னைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கல்யாணமாகி எட்டு வருடம். கடைசி மூன்று வருடத்தில் நீங்கள் என் பக்கம் திரும்பியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். குழந்தை எப்போது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். கோளாறு என்னிடம்தான் என்று நினைத்தேன். உங்களிடம் சொல்லாமல் நான்கு முறை தனியாகப் போய் ரத்தம் கொடுத்தேன், ஸ்கேன் எடுத்தேன். "வீட்டுக்காரர் வரலையாம்மா?" "வேலைங்க." நான்கு முறையும் இதே பதில். கடைசியில், "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சீட்டைக் கையில் கொடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தால் பிறகு ஏன் என்று பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "பரவாயில்ல, வேற டாக்டரைப் பாரு" என்று முதுகைத் தடவினாள்.

அந்த வாரம் இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் நீங்கள், "வீட்ல என்னவோ மாறியிருக்கே" என்றீர்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த கடிதத்தில் நோய், மருந்து என்று எழுத வேண்டாம். பார்த்துக்கொள்ள எனக்கு இங்கே ஏற்கனவே ஒரு நோயாளி இருக்கிறான்.


ஜூன் 28

நான்கு முறை. நீ எழுதியதிலிருந்து இந்த எண்தான் மனதில் ஓடுகிறது. அந்த நான்கு நாளும் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. எங்கேயோ குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

நோய் என்று எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய் டாக்டரம்மா என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஒரு லிவரைக் கையில் கொடுத்தார். சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடமாகக் கேபினில் பிடித்த அதே மாதிரி லிவர், பொம்மை அளவில். "இதுல உங்களை ஜெயிக்க இங்க ஆள் கிடையாதுங்க" என்றேன். உளறிவிட்டேன், என்னை என்று சொல்லியிருக்க வேண்டும். அவரும் சிரித்தார். திரையில் ஒவ்வொன்றாகப் படம் வரும். உயரமாக நிற்கும் படம் என்றால் லிவரை என் பக்கம் இழுக்க வேண்டும். படம் பெரிதாகி முகத்துக்கு வரும். அகலமாகப் படுத்திருக்கும் படம் என்றால் தள்ள வேண்டும். சிறுத்துக் காணாமல் போகும். படத்தில் என்ன இருக்கிறது என்று கவனிக்கவே வேண்டாம், சட்டத்தின் வடிவம் மட்டும் போதும் என்றார்.

வாளி வந்தது, நாற்காலி வந்தது, மரம் வந்தது. நடுநடுவே அரைகுறை உடையில் பெண்கள். நான் சட்டத்தை மட்டும்தான் பார்த்தேன், சத்தியமாக. கால் மணி நேரத்தில் முடிந்தது. எல்லாம் ஒரே வேகம்தான் என்று கையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

அவர் தாளைக் காட்டினார். வாளியையும் நாற்காலியையும் இழுக்கவும் தள்ளவும் எனக்கு ஒரே நேரம். அந்தப் பெண்களை இழுக்கும்போது மட்டும் கை முந்துகிறது. தள்ளச் சொன்னால் தயங்குகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் ஒவ்வொரு தடவையும். "நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடியே கை கிளம்பிடுது. பலருக்கு இப்படி இருக்கு" என்றார். "அந்தப் படங்களைப் பார்க்கறது இப்பவும் பிடிக்குதா?" என்றும் கேட்டார். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, "இல்லைங்க. ரொம்ப நாளாவே பிடிக்கலை. ஆனா கை போயிடுது" என்றேன்.

என் கையைப் பற்றி எனக்கு எவ்வளவு கர்வம் என்று உனக்குத் தெரியும். முட்டையைத் தூக்கச் சொன்னாலும் உடையாமல் இறக்குவேன் என்று கல்யாணப் பந்தலிலேயே பீற்றிக்கொண்டவன். அந்தத் தாளைப் பார்த்த பிறகு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மச்சானைக் கண்ணாடி முன்னால் உட்கார வேண்டாம் என்று சொல். அவன் கை தப்பாகக் காட்டவில்லை.


ஜூலை 5

ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

அவன் கை தப்பாகக் காட்டவில்லை என்று இப்போது எழுதுகிறீர்கள். விசாரணையில், இறக்கு என்றுதான் காட்டினான் என்று சொன்னதும் நீங்கள்தான்.

இரண்டில் எது?


ஜூலை 9

இரண்டாவது பொய்.

அவன் நில் என்றுதான் காட்டினான். கம்பிக் கட்டு தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் இருந்தது. கட்டில் ஒரு கம்பி விலகி நீட்டிக்கொண்டிருந்ததால் அதைத் தட்டிவிட அவன் உள்ளே வந்தான். வருவதற்கு முன்னால் இரண்டு கையையும் நன்றாக விரித்துக் காட்டிவிட்டுத்தான் வந்தான். என் மேல் உள்ள நம்பிக்கையில் மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போன் என் மடியில் இருந்தது. பகல் பதினோரு மணி. அதில் ஏதோ வந்து திரை ஒளிர்ந்தது. ஒரு படத்தின் ஓரம்தான் தெரிந்தது. இடது கை லிவரை விட்டுவிட்டுப் போனுக்குப் போய்விட்டது. கண்ணும் கூடவே போய்விட்டது. வலது கை தன்பாட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்தபோது அவன் கை விரிந்திருக்கவில்லை, தரையில் ஊன்றியிருந்தது. அலறல் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு உயரத்தில் எதுவும் கேட்காது. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். "சிக்னல் எப்படி இருந்தது?" என்றார்கள். மச்சான் அப்போது மயக்கத்தில் இருந்தான். "இறக்குன்னுதான் காட்டினான்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

இதை டாக்டரம்மாவிடமும் சொன்னேன். "கைதான் முந்துதுன்னு நீங்களே தாள்ல காட்டினீங்களே" என்று கேட்டுவிட்டேன். அதில் ஒளிந்துகொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. அவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "கை முந்தினது அரை நொடி. போனை மடியில வெச்சுக்கிட்டு ஏறினது யாரு? அந்த மூணு பேர் முன்னாடி பேசினது எது, கையா?" என்றார்.




ஆகஸ்ட் 16

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் வராது என்று தெரியும். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சென்ற மாதம் கம்பெனிக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரி நாற்காலி போட்டார், விசாரித்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "ஏன்யா, முடிஞ்சுபோன ஃபைலைத் திறக்கறே? அந்தப் பையனுக்கு கேட் வேலை குடுத்தாச்சு. நீயும் நல்ல ஆபரேட்டர். கொஞ்ச நாள் ஓய்வெடுத்துட்டு வா" என்றார். "எழுதிக்கோங்க சார்" என்றேன். "என்ன பார்த்துக்கிட்டிருந்தேன்னு எழுதறது?" என்று குரலைத் தாழ்த்தினார். "உள்ளதை எழுதுங்க" என்றேன். தட்டச்சு செய்த பெண் தலை நிமிரவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். உரிமம் ரத்து. வழக்கு வரும் என்றார்கள். வரட்டும்.

இப்போது காகிதக் கிடங்கில் வேலை. பழைய தாள்களைத் தரம் பிரித்துக் கட்ட வேண்டும். முதல் நாள் பழைய சினிமாப் பத்திரிகைக் கட்டு ஒன்று வந்தது. அந்த மூலைக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன். மேஸ்திரி, "ஏன், தூசி ஒத்துக்காதா?" என்றார். "ஆமாங்க" என்றேன். இந்தப் பொய்யை மட்டும் மன்னித்துவிடு.

கையைப் பழக்க டாக்டரம்மா கொடுத்த லிவர்ப் பயிற்சி முடிந்தது. ஆறு வாரமும் அந்தப் படங்களை எல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மறுபடி அளந்தார்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். "கொஞ்சம்னா?" என்றேன். "சந்தோஷப்படற அளவுக்கு இல்லை. நாங்களும் இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். பொய் சொல்லாத ஆள்.

நானும் உன்னிடம் பொய் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்த பிறகு வரும் அந்த இரண்டு மணி நேரம்தான் மோசம். மெத்தைக் கடை மூடியிருக்கும். தெருவில் சத்தமே இருக்காது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. தெருமுனை இன்டர்நெட் சென்டருக்கு இரண்டு ஞாயிறு போய்விட்டேன். மூன்றாவது ஞாயிறு படிவரை போய் நின்றேன். மேலே போகவில்லை. வெற்றி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, வெயிலில் கால் மணி நேரம் நின்றேன். அவ்வளவுதான்.


ஆகஸ்ட் 30

கம்பெனியிலிருந்து ஆள் வந்து தம்பியிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினார்கள். எல்லாவற்றையும். நான் சமையலறையில் நின்று கேட்டேன்.

உங்கள் ஜூலைக் கடிதத்தை நான் அவனிடம் காட்டியிருக்கவில்லை. காட்டினால் அவனுக்கு மாமா இல்லாமல் போய்விடுவார் என்று வைத்திருந்தேன். எனக்கும் பயம்தான். அந்த ஐந்து வாரம் அவன் கண்ணாடி முன்னால் கையைக் காட்டிக்கொண்டிருந்ததற்கு நானும் பொறுப்பு. உங்களைத் திட்டும்போதெல்லாம் இது குறுக்கே வருகிறது.

அவன் கத்தவில்லை. வந்தவர்கள் போனதும் இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே மூச்சில் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, "அப்ப நான் சரியாத்தான் காட்டியிருக்கேன்" என்றான். "ஆமாடா" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதான். "அவரு பார்ப்பாருன்னுதானே அக்கா உள்ள போனேன். அவரு பார்ப்பாருன்னுதானே." இதையே எத்தனை தடவை சொன்னான் என்று தெரியாது. உங்களை இனிப் பார்க்க மாட்டானாம். அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

"அவரு பார்ப்பாரு" என்று அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அதையேதான் எதிர்பார்த்தேன், நீங்கள் பார்ப்பீர்கள் என்று. என்னைவிட அழகான பெண் ஒருத்தி இருந்திருந்தால்கூட அவளோடு சண்டை போட்டிருப்பேன். நீங்களே பிடிக்கவில்லை என்று சொல்கிற ஒன்றோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

வேலை முடிந்து வந்தால் தம்பியும் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் பேருக்கு வழி சொல்லிவிட்டு, கதவைத் திறந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். ஞாயிறு மதியம் உங்களுக்கு மட்டும் வருவதாக நினைக்க வேண்டாம்.

இங்கே வராதீர்கள்.


செப்டம்பர் 20

வராதே என்றாய். வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. ஒளித்து வைத்தால் மறுபடி பழைய ஆளாகிவிடுவேன் என்று எழுதுகிறேன்.

பதினேழாம் தேதி வழக்கு விஷயமாகக் கம்பெனி வக்கீலைப் பார்க்க அங்கே வர வேண்டியிருந்தது. வேலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குத் திரும்பியபோது உன் குரல் கேட்டது. ஒன்பதாம் மேடை, மூன்றாம் மேடை, புறப்படத் தயாராக உள்ளது. கடைசி மேடைத் தூணுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் கண்ணாடி அறை அங்கிருந்து தெரியாது. தெரியாத இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். நாலு எட்டு வைத்தால் உன்னைப் பார்த்துவிடலாம். கால் பரபரத்தது. நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய் என்று உட்கார்ந்துகொண்டே இருந்தேன்.

இரண்டு மணி நேரம். நான் திரும்ப வேண்டிய வண்டியை நீ நான்கு தடவை சொன்னாய். எட்டு வருடத்தில் உன்னை நான் ஒரே சமயத்தில் இவ்வளவு நேரம் கவனித்துக் கேட்டதில்லை. நீ ஊர்ப் பெயர்களைச் சொல்லி முடிக்கும்போது லேசாக மூச்சு விடுகிறாய். அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. ஐந்தாவது தடவை சொன்னபோது எழுந்து ஏறிவிட்டேன்.

தவறு என்றால் சொல். இனி அந்தப் பக்கம் வரமாட்டேன்.


செப்டம்பர் 27

பதினேழாம் தேதி நான் வேலைக்குப் போகவில்லை.

தம்பியை அழைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போயிருந்தேன். சிக்னல் சரியாகவே இருந்தது என்று எழுத்தில் வேண்டும் என்று கேட்டு, நாலு மேசை மாறி, ஒருவழியாக வாங்கிவிட்டோம். அதைப் பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறான். யார் வந்தாலும் ஒன்று கொடுப்பான் போலிருக்கிறது. வேலை இன்னும் கேட்டில்தான். நடை பரவாயில்லை.

நான் இல்லாத நாளில் ஒலிபரப்புவதற்காக ஜூலையில் என் குரலைப் பதிவு செய்துகொண்டார்கள். ஊர் தனி, மேடை எண் தனி, நேரம் தனி என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லவைத்து, பிறகு ஒட்டவைத்தார்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அந்த மூச்சுகூட ஒரே மூச்சுதான், எல்லா ஊருக்கும் அதையே போடுகிறார்கள். நாலு எட்டு வைத்து வந்திருந்தாலும் காலி நாற்காலியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். தம்பி என்ன என்று எட்டிப் பார்த்தான். யாரும் இல்லாத அறைக்கு வெளியே, வேண்டாம் என்று சொன்னதற்காக ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபமாக எழுதத்தான் தாளை எடுத்தேன்.

அக்டோபர் 11, ஞாயிறு. உங்கள் ஊர் நிலையத்தில் பதினொன்றரைக்கு இறங்குகிறேன். ஒன்றே முக்கால் வண்டிக்குத் திரும்பிவிடுவேன். உங்கள் அறைக்கு வரமாட்டேன், நிலையத்திலேயே எங்காவது உட்காரலாம். தம்பியிடம் சொன்னேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. குடையை எடுத்து வாசலில் வைத்தான், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று தெரியாமல்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அழைத்துக்கொண்டு போகவும் வரவில்லை. எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிறைய இருக்கும். நான் இறங்கிய இடத்திலேயே நிற்பேன், கூப்பிட மாட்டேன். என்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான்.